வேறு டிகிரி கையில் இருக்க பிசியோதெரபிஸ்ட் ஆவது எப்படி: சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் முடித்துவிட்டு ஜிம்மில் பயிற்சியாளராக இருக்கும் தம்பி, லைஃப் சயின்ஸ் படித்துவிட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கை, அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகு வங்கி வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அண்ணன் எனப் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். ஏற்கெனவே ஒரு டிகிரி இருக்கிறது, இனிமேல் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியுமா? முடியும். ஆனால் இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். எந்த யுனிவர்சிட்டி ரேங்கில் மேலே இருக்கிறது, எங்கே சீக்கிரம் முடியும், எங்கே சீட் கிடைக்கும் என்றுதான் பேச்சு போகிறது. நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: கடைசிப் படியில் இருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். எந்த நாட்டில், எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பட்டத்தை அதற்கு அப்புறம் தேடலாம்.

படி 1: பதிவு முதலில்

சிங்கப்பூரில் பிசியோதெரபி சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். 2011-இல் அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் சட்டம், அதாவது டாக்டர், தாதி அல்லாத சுகாதாரத் தொழில்களுக்கான சட்டம், நிறைவேறியது. 2013-இல் அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகியோரைப் பதிவு செய்யத் தொடங்கியது. இந்தப் பதிவும், அதோடு செல்லுபடியாகும் பிராக்டிசிங் சான்றிதழும் இல்லாமல் இங்கே பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வேலை செய்ய முடியாது. உங்கள் பட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கவுன்சில் அதை ஏற்கவில்லை என்றால் அது சுவரில் மாட்டத்தான் பயன்படும்.

அதனால் வெளிநாட்டில் படிக்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் படிப்பின் சரியான பெயர், பல்கலைக்கழகம், எத்தனை வருடம், எத்தனை மணி நேர கிளினிக்கல் பயிற்சி, அந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு அந்தப் படிப்பை அங்கீகரித்திருக்கிறதா என்ற விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு கவுன்சிலின் இணையத்தளத்தில் உள்ள விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொன்னார், சீனியர் சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவின் மகன் அங்கேதான் படித்தான் என்பதெல்லாம் இந்த விஷயத்தில் போதாது, ஏனென்றால் விதிகள் மாறுகின்றன, ஒரே பல்கலைக்கழகத்திலேயே ஒரு படிப்புக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்துப் படிப்புக்கு இருக்காது.

சிங்கப்பூரிலேயேதான் வேலை செய்வேன் என்று உறுதியாக இல்லாதவர்களும் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் தங்கிவிடுவது, அமெரிக்காவில் இருக்கும் கணவரோடு போய்ச் சேர்வது போன்ற திட்டங்கள் இருந்தால் அந்த நாட்டின் பதிவையும் இப்போதே பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் பொருந்தும் படிப்புகள் உண்டு, ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

படி 2: விண்ணப்பிக்கும் முன் வேலையைக் கண்ணால் பாருங்கள்

பிசியோ என்றதும் பலர் மனதில் வருவது கால்பந்து மைதான ஓரத்தில் ஸ்ப்ரேயோடு ஓடுபவர். அந்த வேலையும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிங்கப்பூர் வேகமாக மூப்படையும் நாடு. 2030 வாக்கில் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அரசாங்கமே சொல்லி வருகிறது. உங்கள் நோயாளிகளில் பெரும் பகுதி விளையாட்டு வீரர்களாக இருக்க மாட்டார்கள். வீவக வீட்டின் கழிவறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பாட்டி, ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் வராத டாக்ஸி ஓட்டுநர், நீரிழிவால் ஒரு கால் எடுக்கப்பட்ட மாமா இவர்கள்தான் தினமும் வருவார்கள். நீரிழிவும் இதய நோயும் நம் இந்தியச் சமூகத்தில் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, நம் வீடுகளிலேயே பார்க்கிறோம்.

எனவே ஒரு சமூக மருத்துவமனையிலோ தாதிமை இல்லத்திலோ தொண்டூழியம் செய்யுங்கள். ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லம் இருக்கிறது, ரென் சி, செயின்ட் லூக்ஸ், ஆங் மோ கியோவில் உள்ள தை ஹுவா குவான் மருத்துவமனை என்று தீவு முழுக்க இடங்கள் இருக்கின்றன. சிகிச்சையை உங்கள் கையில் தர மாட்டார்கள், சக்கர நாற்காலி தள்ளுவதும் பேச்சுத் துணையாக இருப்பதும்தான் வேலையாக இருக்கும். அது போதும். சிறுநீர்ப் பை தொங்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேச உங்களால் முடிகிறதா, நேற்று நடந்தவர் இன்று நடக்க மாட்டேன் என்று கத்தும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா, இந்த இரண்டையும் அங்கே தெரிந்துகொள்ளலாம். மருத்துவமனைகளில் சில நாள் பிசியோ பின்னால் நின்று பார்க்க வாய்ப்புக் கேட்டால் சில இடங்களில் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். அமெரிக்கப் படிப்புகளில் பலவற்றுக்கு இப்படிப் பார்த்த நேரத்தை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கையெழுத்து வாங்கிக் காட்ட வேண்டும் என்பதால் முதல் நாளில் இருந்தே தேதியும் நேரமும் குறித்து வையுங்கள்.

படி 3: எந்த மாஸ்டர்ஸ் யாருக்கு என்று பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் பணத்தையும் வருடத்தையும் இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிசியோதெரபியில் மாஸ்டர்ஸ் என்று சொல்லப்படுபவை இரண்டு வகை. ஒன்று, வேறு துறையில் டிகிரி முடித்தவர்களைப் புதிதாக பிசியோவாக்குவது. ஆஸ்திரேலியாவில் 'மாஸ்டர் ஆஃப் பிசியோதெரபி' என்ற பெயரில் வரும் ஏறக்குறைய இரண்டு வருடப் படிப்புகளும், பிரிட்டனில் 'பிரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' என்ற சொல் ஒட்டிய எம்எஸ்சி படிப்புகளும் இந்த வகை. இரண்டாவது, ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர் ஒரு பிரிவில் ஆழமாகப் போவதற்கான படிப்பு. மஸ்குலோஸ்கெலிட்டல் (மூட்டு-தசை), ஸ்போர்ட்ஸ், நியூரோ (நரம்பு) என்று பெயரிலேயே தெரியும். இரண்டாவது வகையைப் படித்து முடித்தாலும், முதல் தகுதி இல்லாதவர் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இந்தியாவில் எம்பிடி, அதாவது பிசியோதெரபி முதுகலை, என்பது இரண்டாவது வகை. அதற்கு முன் பிபிடி என்ற பிசியோதெரபி இளங்கலையை முடித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் கிட்டத்தட்ட அதே எழுத்துகளில் சுருக்கி எழுதப்படும் பட்டம் முதல் வகை. சென்னையில் இருக்கும் சித்தப்பா, "எம்பிடி ரெண்டு வருஷம்தானே, இங்கேயே வந்து படிச்சிடு" என்று அன்போடு சொல்வார். பயோடெக் டிகிரியோடு அங்கே எம்பிடி சேர முடியாது, பிபிடியில் முதல் வருடத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

படி 4: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

உள்ளூரில் படிப்பது முதல் பாதை. சிங்கப்பூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, எல்லாரும் சொல்லும் எஸ்ஐடி, 2016 முதல் நான்கு ஆண்டு ஹானர்ஸ் பட்டப் படிப்பாக பிசியோதெரபியை நடத்துகிறது. அதற்கு முன் நன்யாங் பாலிடெக்னிக்கின் டிப்ளோமாதான் இங்கே பிசியோக்களை உருவாக்கியது, இன்று மருத்துவமனைகளில் மூத்த பொறுப்பில் இருக்கும் பலர் அந்த வழியில் வந்தவர்கள்தான். எஸ்ஐடி படிப்பு இளங்கலைதான், ஆனால் ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவரும் விண்ணப்பிக்கலாம். நான்கு வருடமா என்று மலைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இங்கேயே வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால், படிக்கும்போதே சிங்கப்பூர் வார்டுகளில் பயிற்சி எடுப்பது, மேற்பார்வையாளர்கள் உங்கள் முகத்தை அறிந்திருப்பது, பதிவில் சிக்கல் இல்லாதது மூன்றும் சேர்ந்து அந்தக் கூடுதல் காலத்தை நியாயப்படுத்திவிடும்.

வேலை அனுபவம் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கரியர் கன்வெர்ஷன் திட்டத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வேறு துறையில் இருந்து சுகாதாரத் துறைக்கு வருபவர்களுக்காக ஏற்படுத்தப்பட்டது இது. ஒரு மருத்துவமனையோ சுகாதார நிறுவனமோ உங்களைத் தேர்ந்தெடுத்து ஆதரவு தரும், படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் கிடைக்கும், அதற்குப் பதிலாக முடித்த பிறகு அவர்களிடம் குறிப்பிட்ட காலம் வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். வீட்டுக் கடனும் பிள்ளைகளும் இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு இதைவிட நடைமுறையான வழி எனக்குத் தெரியவில்லை. எந்த ஆண்டு எந்தத் தொழிலுக்கு இடம் திறக்கிறார்கள் என்பது மாறும், வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் தளத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஆஸ்திரேலியா அடுத்தது. சிங்கப்பூர்க்காரர்கள் அதிகம் நாடும் இடம் இதுதான். சிட்னி, குயின்ஸ்லாந்து, கர்ட்டின் போன்ற பல்கலைக்கழகங்களில் டிகிரி முடித்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் உண்டு. மெல்பர்ன், மெக்குவாரி இரண்டிலும் 'டாக்டர் ஆஃப் பிசியோதெரபி' என்று மூன்று வருடப் படிப்பாக நடத்துகிறார்கள், பாண்ட் பல்கலைக்கழகத்தில் அதே பெயரில் இரண்டே வருடம். பட்டத்தின் பெயரில் டாக்டர் என்று இருப்பதற்காக ஒரு வருடம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் வேலைக்குச் சேரும்போது உங்களிடம் பார்ப்பது பதிவையும் கைத்திறனையும்தான்.

பிரிட்டனில் எம்எஸ்சி பிரீ-ரெஜிஸ்ட்ரேஷன் இரண்டு வருடம், கோடை விடுமுறை என்று பெரிதாக எதுவும் இருக்காது, ஓட்டமாக ஓட வேண்டும். ஹெல்த் அண்ட் கேர் புரொஃபெஷன்ஸ் கவுன்சில் அங்கீகரித்த படிப்பா என்று பாருங்கள். பிசியோதெரபிஸ்ட்களின் அமைப்பான சார்ட்டர்ட் சொசைட்டி அங்கே குறைந்தது 1,000 மணி நேர கிளினிக்கல் பயிற்சியை எதிர்பார்க்கிறது. எந்த நாட்டுப் படிப்பை எடை போடும்போதும் இந்த எண்ணை மனதில் வைத்துக் கேளுங்கள்: உங்கள் படிப்பில் எத்தனை மணி நேரம் உண்மையான நோயாளிகளோடு? ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்திலும் டிகிரி முடித்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் இருக்கிறது, ஆனால் அங்கே வார்டில் நோயாளிகள் பேசுவது கான்டனீஸ், நமக்கு அது பெரிய சுவர்.

அமெரிக்கா தனி உலகம். அங்கே இப்போது தொழிலுக்குள் நுழையும் பட்டமே டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி, சுருக்கமாக டிபிடி. 2016 தொடக்கம் முதல் அங்கீகாரம் பெற்ற எல்லாப் படிப்புகளும் இந்தப் பட்டத்தையே தர வேண்டும் என்று விதி. முதலில் நான்கு வருட டிகிரி, அதற்கு மேல் ஏறக்குறைய மூன்று வருடம். பெரும்பாலான கல்லூரிகளுக்கு பிடிகாஸ் என்ற பொது விண்ணப்ப முறை உண்டு, சில இடங்கள் ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கும். முடித்த பிறகு என்பிடிஇ என்ற தேசியத் தேர்வு, அதில் 200-இல் இருந்து 800 வரையான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. அதன் பிறகு அந்தந்த மாநில உரிமம். செலவில் இதுதான் எல்லாவற்றையும் விட மேலே. அமெரிக்காவிலேயே வாழப் போகிறவர்களுக்கு மட்டும்தான் நான் இதைச் சொல்வேன்.

தமிழ்நாட்டில் படிப்பது பற்றியும் கேட்கிறார்கள். பிபிடி நீண்ட காலமாக நான்கு வருடமும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புமாக இருந்து வந்தது. 2021-இல் அலைட் ஹெல்த் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்த பிறகு பாடத்திட்டங்கள் மாறி வருகின்றன. நல்ல மருத்துவமனையோடு இணைந்த கல்லூரிகளில் ஒரு மாணவர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை அதிகம், கை பழகிவிடும். அங்கே படித்து இங்கே வந்து சிறப்பாக வேலை செய்யும் தமிழ் பிசியோக்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வெளிநாட்டில் பயின்றவர்களாகக் கவுன்சில் முன் நிற்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் வேலை தர முன்வரும் நிறுவனம் இருக்க வேண்டும், மதிப்பெண் பட்டியல், பாடவாரியான மணி நேரக் கணக்கு, கிளினிக்கல் பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் கல்லூரியில் இருந்து பெற வேண்டும். படித்து முடித்த வாரமே இந்தக் காகிதங்களை முத்திரையோடு வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அலுவலகத்தில் ஆள் மாறியிருப்பார்.

படி 5: பணக் கணக்கு

பாதையைத் தேர்ந்தெடுத்ததுமே, விண்ணப்பத்துக்கு முன்பே, இதை உட்கார்ந்து போடுங்கள். அரசாங்க மானியத்தில் ஏற்கெனவே ஒரு பட்டம் படித்திருந்தால் இரண்டாவது பட்டத்துக்கு அதே மானியம் பொதுவாகக் கிடைக்காது. அதனால்தான் கன்வெர்ஷன் திட்டத்தையும் நிறுவன உதவியையும் முதலில் தேடச் சொல்கிறேன். சிபிஎஃப் கல்விக் கடன் உள்ளூரில் அனுமதிக்கப்பட்ட படிப்புகளுக்குத்தான், ஆஸ்திரேலியாவுக்கு அதை எடுக்க முடியாது. அதோடு அது உங்களுடைய அல்லது அப்பா அம்மாவின் ஓய்வுக்காலப் பணம், வட்டியோடு திருப்பிப் போட வேண்டும்.

சுகாதார அமைச்சின் நிறுவனமான எம்ஓஹெச் ஹோல்டிங்ஸ் வழங்கும் சுகாதாரத் துறை உபகாரச் சம்பளங்கள் இருக்கின்றன, இளங்கலைக்கும் உண்டு, ஏற்கெனவே துறையில் வேலை செய்பவர்களின் மேற்படிப்புக்கும் உண்டு. எல்லாவற்றிலும் ஒப்பந்த காலம் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை வருடம், எந்த நிறுவனத்துக்கு அனுப்புவார்கள் என்று நீங்கள் சொல்ல முடியுமா, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும். வெளிநாடு என்றால் கட்டணத்தோடு வாடகை, விசா, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேரும். இன்னொன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்: ஊர் ஊராக அனுப்பப்படும் கிளினிக்கல் பயிற்சிக் காலத்தில் பகுதி நேர வேலை செய்யவே முடியாது. அந்த மாதங்களுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

படி 6: அடிப்படைப் பாடங்களும் நேர்காணலும்

டிகிரி முடித்தவர்களுக்கான படிப்புகள் பெரும்பாலும் மனித உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், உளவியல் ஆகியவற்றில் சிலவற்றை முன்பே பல்கலைக்கழக நிலையில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும். மெல்பர்ன் போன்ற இடங்களில் உடற்கூறியலும் உடலியங்கியலும் இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். உங்கள் டிகிரியில் இவை இல்லை என்றால் தனிப் பாடமாக எடுக்க முடியும், ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் 'மக்களுக்கு உதவ ஆசை' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தாதிமை இல்லத்தில் நீங்கள் பார்த்த ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் எந்த அசைவில் திணறினார், பிசியோ என்ன மாற்றினார், அப்புறம் என்ன ஆனது. டாக்டர், தாதி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இவர்களின் வேலைக்கும் பிசியோவின் வேலைக்கும் எங்கே எல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே நோயாளியை வைத்துச் சொன்னால், ஸ்ட்ரோக் வந்தவர் எழுந்து நடப்பதற்கான பலத்தையும் சமநிலையையும் பிசியோ பார்ப்பார், அவர் சட்டைப் பொத்தான் போடுவதையும் குளிப்பதையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பார், நடைமுறையில் இருவரும் ஒருவர் வேலைக்குள் இன்னொருவர் வந்து போவார்கள்.

படி 7: படிப்புக்குள்

எந்த நாடானாலும் மூன்று தூண்கள்: எலும்பு-மூட்டு-தசை, நரம்பு மண்டலம், இதயம்-நுரையீரல். அடியில் உடற்கூறியல், பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவின் இயக்கவியல்). வேறு துறையில் இருந்து வருபவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவது உடற்கூறியலில்தான். தசையின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தால் இரண்டு வாரத்தில் பறந்துவிடும். ஒவ்வொரு தசைக்கும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு, என்ன அசைவு, அது கெட்டால் வெளியே என்ன தெரியும் என்ற ஐந்தையும் சேர்த்துப் படியுங்கள். செரேட்டஸ் ஆன்டீரியர் என்ற தசையை எடுத்துக்கொள்ளுங்கள். விலாவில் இருந்து புறப்பட்டு தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் போய் ஒட்டுகிறது, லாங் தொராசிக் நரம்பு அதை இயக்குகிறது. அந்த நரம்பு அடிபட்டவரை இரண்டு கையாலும் சுவரைத் தள்ளச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள், தோள்பட்டை எலும்பு முதுகை விட்டுத் துருத்திக்கொண்டு வெளியே வரும். ஒரு முறை இதைப் பார்த்தவருக்கு அந்த நரம்பின் பெயர் மறக்காது. வீட்டில் இருப்பவர்களின் அனுமதியோடு அவர்கள் தோளிலும் முழங்காலிலும் எலும்பு முனைகளைத் தொட்டுக் கண்டுபிடித்துப் பழகுங்கள். ஒல்லியான தங்கையின் உடம்பில் கிடைப்பது பருத்த மாமாவின் உடம்பில் கிடைக்காது, இரண்டிலும் தேடிப் பழகினால்தான் வார்டில் கை தயங்காது.

படி 8: கிளினிக்கல் பயிற்சி

என் கணிப்பில் ஒருவர் பிசியோ ஆவது இங்கேதான். போவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை போன்ற தடுப்பூசிச் சான்றுகளைத் தயாராக வைத்திருங்கள், இது தாமதமாகி முதல் நாளைத் தவறவிடுபவர்கள் உண்டு.

ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். இடது பக்கம் பலமில்லாத ஒருவரைப் படுக்கையில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பார்க்க இரண்டு நிமிட வேலை. கேஸ் நோட்ஸில் டாக்டர் எழுதியதைப் படிக்கிறீர்கள், எழுந்து உட்கார அனுமதி இருக்கிறதா, காலையில் ரத்த அழுத்தம் எவ்வளவு. நாற்காலியை அவருடைய பலமான வலது பக்கத்தில், படுக்கைக்குச் சாய்வாக வைக்கிறீர்கள். பிரேக் போட்டாயிற்றா, கால் தட்டுகளை மடக்கியாயிற்றா, சிறுநீர்க் குழாய் எங்கேயாவது மாட்டுமா. மெதுவாக உட்கார வைத்துத் தலை சுற்றுகிறதா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறீர்கள். இடுப்பில் பெல்ட். இரண்டு பாதமும் தரையில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். உங்கள் முழங்காலால் அவருடைய இடது முழங்கால் மடங்கிவிடாமல் தடுத்து நிற்கிறீர்கள். "முன்னால குனிங்க அங்கிள், மூக்கு கால் விரலுக்கு மேல வரணும்" என்கிறீர்கள். அப்படிக் குனிந்தால்தான் உடம்பின் எடை பாதத்துக்கு வந்து இடுப்பு தானாகத் தூக்கும். பலமில்லாத கையைப் பிடித்து இழுத்துவிடவே கூடாது, தசை தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். இவ்வளவும் உங்கள் தலைக்குள் ஓடும்போது முகம் மட்டும் அமைதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று மொழி. சிங்கப்பூர் வார்டில் ஒரே காலையில் மலாய் பாட்டி, ஹொக்கியன் தாத்தா, தமிழ் மாமி என்று வரிசையாக வருவார்கள். வலி, நட, நில், மூச்சை இழு, மெதுவாக என்ற சொற்களையாவது மலாயிலும் மாண்டரினிலும் பழகிக்கொள்ளுங்கள். "சாக்கிட்?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே மலாய் பாட்டியின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். ஆங்கிலம் தெரியாத தமிழ் முதியவர்களுக்கோ நீங்கள் ஒருவர் வந்து நிற்பதே பெரிய ஆறுதல். வீட்டில் மாடிப்படி இருக்கிறதா, கழிவறை எந்த மாதிரி, பூஜைக்குத் தரையில் உட்கார்வாரா என்று தமிழில் கேட்டால் வரும் பதில், மொழிபெயர்ப்பாளர் வழியாக வருவதைவிட எவ்வளவோ முழுமையாக இருக்கும், சிகிச்சைத் திட்டமே அதை வைத்து மாறும். இதை ஒரு திறமையாகவே மதித்து வளர்த்துக்கொள்ளுங்கள்.

மேற்பார்வையாளர் கடுமையாகப் பேசினால் மனம் நொந்துபோகாமல், எந்த இடத்தில் நோயாளிக்கு ஆபத்து வந்திருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். காரணமில்லாமல் அவமதிப்பவராக இருந்தால் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் எதையும் மாற்ற முடியாது.

படி 9: முதல் வேலை

பதிவில் முழுப் பதிவு, நிபந்தனைப் பதிவு என்று வகைகள் உண்டு. நிபந்தனைப் பதிவில் இருக்கும்வரை தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். முதல் வேலையைச் சம்பளத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் மேற்பார்வையை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்று நான் கெஞ்சிக்கூடக் கேட்பேன். பெரிய அரசு மருத்துவமனைகளில் சில மாதங்களுக்கு ஒரு முறை பிரிவு மாற்றுவார்கள். எலும்பியல், நியூரோ, தீவிர சிகிச்சை, வெளிநோயாளர் என்று எல்லாம் பார்த்துவிடலாம். தனியார் கிளினிக் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் முதுகுவலி என்று வருபவருக்கு உண்மையில் இருப்பது புற்றுநோயா, தண்டுவட நரம்பு நெருக்கமா என்று சந்தேகிக்கத் தெரிவதற்கு முன் தனி அறையில் உட்காராதீர்கள். சிறுநீர் கட்டுப்பாடு போவது, இரண்டு கால்களும் ஒன்றாக மரப்பது, இரவில் குறையாத வலி, காரணமில்லாத எடைக் குறைவு இவற்றை யாரிடம், எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோக வேண்டும் என்பது பெரிய மருத்துவமனையில்தான் நன்றாகப் பழகும்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எனக்கென்று சீனியர் ஒதுக்குவார்? ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள்? இதற்கு நேரான பதில் வராத இடத்தில் யோசியுங்கள்.

படி 10: பிசியோ ஆன பிறகு மேற்படிப்பு

இங்கேதான் இரண்டாவது வகை மாஸ்டர்ஸ் வருகிறது. அவசரப்படாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று வருடம் வேலை செய்த பிறகு, எந்த நோயாளி வரும்போது உங்களுக்கு ஆர்வம் கூடுகிறது, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தவிக்கிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மூட்டு-தசைப் பிரிவில் போகிறவர்கள் இஃபாம்ப்ட் (IFOMPT) என்ற உலக அமைப்பின் தரத்துக்கு உட்பட்ட படிப்பா என்று பாருங்கள். நியூரோ, குழந்தைகள், பெண்கள் நலம், இதயம்-நுரையீரல் இவற்றுக்கும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் தனிப் படிப்புகள் உண்டு, சிலவற்றை வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்யலாம். அமெரிக்காவில் இதே இடத்தில் ரெசிடென்சி, ஃபெலோஷிப் என்று மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் பயிற்சிகளும், பிரிவுவாரியான நிபுணர் சான்றிதழ்களும் இருக்கின்றன.

இங்குள்ள பொது மருத்துவமனைகளில் சிகிச்சை, கற்பித்தல், ஆய்வு, நிர்வாகம் என்று வெவ்வேறு வழிகளில் மேலே போகலாம். ஆய்வில் ஆர்வம் இருப்பவர் நேராக பிஎச்டிக்குப் பாய வேண்டியதில்லை. முதலில் உங்கள் பிரிவிலேயே நடக்கும் ஒரு ஆய்வில் தரவு சேகரிக்கச் சேருங்கள், ஒப்புதல் படிவம் வாங்குவதும் எக்செல் தாளோடு மல்லுக்கட்டுவதும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். மேற்படிப்புக்கு நிறுவனமே உதவித்தொகை தருமா என்று உங்கள் துறைத் தலைவரிடம் ஒரு வருடம் முன்பே பேச்சை ஆரம்பியுங்கள், ஏனென்றால் அவர் உங்களுக்குப் பதில் ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பிராக்டிசிங் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகள் வேண்டும். போகும் ஒவ்வொரு பயிலரங்கின் சான்றையும் அன்றைக்கே படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். புதுப்பிக்கும் மாதத்தில் அதைத் தேடிக்கொண்டு உட்கார நேரம் இருக்காது.